ஆமையில் கிடைத்த தட்டைப்புழுவுக்குப் பெயர் வைப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

“சார், புது ஸ்பீசிஸ் சார்!” என்று ஒரு மாணவர் குப்பியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தால், புழுவைப் பார்ப்பதற்கு முன்னால் குப்பிக்குள் கிடக்கும் சீட்டைத்தான் பார்ப்பேன். எந்த ஆமை, எந்த ஏரி, என்ன தேதி, ஆமையின் உடம்பில் எந்த இடத்தில் இருந்தது, எந்தத் திரவத்தில் போட்டது. இந்த ஐந்தையும் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போட்டிருந்தால் மேலே பேசலாம். பேனாவால் எழுதியிருந்தால் ஆல்கஹாலில் மை கரைந்து சீட்டு வெள்ளையாகியிருக்கும். புழு மட்டும் ஊர் பேர் தெரியாமல் மிதந்துகொண்டிருக்கும்.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் விலங்கியல் படிக்கிற, ஒட்டுண்ணிகள் மேல் ஆசை வந்துவிட்ட பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். வீராணம், பெருமாள் ஏரி, பாகூர் ஏரி, ஊசுடு ஏரி என்று நம்மைச் சுற்றி நன்னீர் உண்டு, அதில் ஆமை உண்டு, ஆமைக்குள் புழுவும் உண்டு. இந்திய நன்னீர் ஆமைகளின் புழுக்களைப் பற்றிய பழைய வேலைகளில் பல கங்கைச் சமவெளியில் நடந்தவை. 1930-களில் அலகாபாத்தில் மெஹ்ரா ஆமைகளின் ரத்தக் குழாய்களில் வாழும் புழுக்களை ஒவ்வொன்றாக விவரித்தார். நம் ஊர் ஏரியில் பார்க்க இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு புழு புதிது என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். இதுவரை பெயர் பெற்ற புழுக்கள் எதுவும் இது இல்லை என்று காட்டுவதில்தான் முக்கால்வாசி உழைப்பு போகும். வழிநெடுக அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அது தட்டைப்புழுதானா?

சிரிக்காதீர்கள். ஆமையின் தோலிலும் ஓட்டின் இடுக்கிலும் ஒட்டியிருப்பது பெரும்பாலும் அட்டை. அட்டைக்கு உடம்பு முழுக்க வளையம் வளையமாக இருக்கும். தட்டைப்புழுவுக்கு அது கிடையாது. உயிரோடு இருக்கும்போதே உருப்பெருக்கியில் பார்த்துவிட்டால் குழப்பமில்லை.

தட்டைப்புழு என்று உறுதியானபின், எந்தக் கூட்டம் என்று பார்க்க வேண்டும். ஆமைகளில் முக்கியமாக மூன்று வகை கிடைக்கும். இரைப்பையிலும் குடலிலும் ரத்தக் குழாயிலும் இருக்கும் இலைப்புழுக்கள் ஒன்று. இவற்றின் வாழ்க்கைச் சுற்றில் நத்தை வரும். ரத்தக் குழாயில் வாழ்பவற்றை ஸ்பைரார்க்கிட் புழுக்கள் என்பார்கள். அவற்றின் முட்டைகள் ஆமையின் திசுக்களில் போய் அடைத்துக்கொள்ளும். இரண்டாவது வகைக்கு வயிற்றுப் பக்கம் முழுவதும் கட்டம் கட்டமாகப் பிரிந்த ஒரு பெரிய ஒட்டுத் தட்டு இருக்கும். இதில் லிசெமிசியா என்ற பேரினத்தை 1935-ல் சின்ஹா விவரித்தார். பெயரே நம் ஊர்ப் பாலாமையின் பேரினமான லிசெமிஸிலிருந்து வந்தது.

மூன்றாவது வகைதான் தொடக்கக்காரர்களுக்கு நான் சிபாரிசு செய்வது: பாலிஸ்டோம் புழுக்கள். பின்பக்கம் ஆறு உறிஞ்சிகளோடு ஒரு ஒட்டுறுப்பு இருக்கும். அந்தப் பெயருக்குப் ‘பல வாய்’ என்று பொருள். ஆமைகளில் இவை வாய்க்குள்ளும் தொண்டையிலும், கண் இமைக்கு அடியிலும், சிறுநீர்ப்பையிலும் வாழ்கின்றன. நத்தை போன்ற இடைத்தரகர் யாரும் தேவையில்லை. முட்டையிலிருந்து நீந்தி வரும் குஞ்சு நேராக ஆமையைத் தேடிப் போகிறது. ஆமையைக் கொல்லாமலே இதைக் கண்டுபிடிக்க முடியும் என்பதுதான் இதன் பெரிய வசதி. இனிச் சொல்வதெல்லாம் இந்த வகையை வைத்தே.

அனுமதிக் காகிதம்

பாலாமை, அதாவது லிசெமிஸ் பங்டேட்டா, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி இருக்கிற அதே அட்டவணை. அந்தச் சட்டத்தின்படி பிடிப்பதும் வேட்டைதான். அளந்துவிட்டுத் திரும்ப விடுவேன் என்றாலும் அனுமதி வேண்டும். ஆராய்ச்சிக்கான அனுமதியைத் தலைமை வனவிலங்குக் காப்பாளர் தருவார், முதல் அட்டவணை விலங்கு என்றால் மத்திய அரசின் முன் ஒப்புதலும் சேர வேண்டும். செத்துக் கிடந்த ஆமையை எடுப்பதற்கும் இதே கதை. செத்த வனவிலங்கும் அரசின் சொத்து. “ரோட்ல அடிபட்டுக் கெடந்துச்சு சார், எடுத்துட்டு வந்தேன்” என்பது வாதமாகாது.

நம் பக்கத்தில் இதில் ஒரு கூடுதல் சிக்கல். புதுச்சேரி எல்லை கோடு போட்டதுபோல் இல்லை; துண்டு துண்டாகக் கிடக்கிறது. கடலூரில் பஸ் ஏறி பாகூரில் இறங்கினால் நீங்கள் வேறொரு வனத்துறையின் கீழ் வந்துவிடுகிறீர்கள். ஊசுடு ஏரியிலோ ஒரே தண்ணீரில் ஒரு பகுதி தமிழ்நாடு, ஒரு பகுதி புதுச்சேரி. பறவைகள் சரணாலயம் வேறு. எந்தக் கரையில் நின்று பிடித்தீர்கள் என்பதைப் பொறுத்து எந்த அனுமதி செல்லும் என்பது மாறும். இரண்டு பக்கமும் விண்ணப்பித்துவிடுவது நல்லது. கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தனியாக வேண்டும். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களை வீணாக்காமல், பின்னால் நான் சொல்லப்போகும் பழைய கட்டுரைகளைத் தேடும் வேலையைச் செய்யுங்கள்.

ஆமையைக் கொல்லாமல் புழுவைத் தேடுவது

கோடையில் ஏரி வற்றும்போது பாலாமை சேற்றுக்குள் புதைந்துவிடும். முதல் மழைக்குப் பிறகு வெளியே வரும். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது ரோட்டைக் கடக்கிற ஆமைகளைப் பார்த்திருப்பீர்கள். தேடுவதற்கு நல்ல காலம் அதுதான், வெள்ளம் மட்டும் ஏரியை உடைக்காமல் இருந்தால்.

பிடித்த ஆமை ஒவ்வொன்றையும் தனித்தனித் தொட்டியில், இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீரில் விட வேண்டும். இரண்டு ஆமையை ஒரே தொட்டியில் விட்டால் எது யாருடைய முட்டை என்று பிறகு சொல்ல முடியாது. குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் வேண்டாம். மறுநாள் அந்தத் தண்ணீரை நுண்ணிய சல்லடையில் வடிகட்டி, தங்கினதைப் பெட்ரி தட்டில் கழுவி, குறைந்த உருப்பெருக்கத்தில் பாருங்கள். பாலிஸ்டோம் முட்டை மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு போல இருக்கும். பொன்னிறத்தில், பழுப்பாகப் பளபளக்கும். முதல்நாள் இல்லையென்றால் விட்டுவிடாதீர்கள், மூன்று நான்கு நாள் தொடர்ந்து பாருங்கள். எதுவுமே வரவில்லை என்றால் ஆமையைப் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடலாம்.

முட்டை வந்தால் ஆமையின் உடம்பில் எங்கோ வளர்ந்த புழு இருக்கிறது என்று அர்த்தம். வாயை மெல்லத் திறந்து பிப்பெட்டால் தண்ணீர் பீச்சிக் கழுவுங்கள், இமைக்கு அடியிலும் அப்படியே. பாலாமைக்குக் கழுத்து நீளம். ஓட்டின் பக்கவாட்டில் பிடித்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருக்கும்போதே திரும்பிக் கடிக்கும். ஒருமுறை கடி வாங்கினவர்களுக்கு இந்த வாக்கியம் தேவைப்படாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்; ஆமைகள் சால்மோனெல்லா சுமக்கும்.

சிறுநீர்ப்பைப் புழுவை இப்படி எடுக்க முடியாது. அதற்கு வலையில் மாட்டி மூழ்கிச் செத்த ஆமை கிடைத்தால்தான் உண்டு, வனத்துறை ஒப்படைத்தால் மட்டும். ஏரியில் வலை போடுபவர்களிடம் முன்கூட்டியே பேசி வைத்திருப்பது இதற்குத்தான். எனக்குத் தெரிந்த ஒருவர் போன் செய்வார்: “சார், ஆமை மாட்டிக்கிட்டு உசுரோட இருக்கு, என்ன பண்ணட்டும்?” “வலையை அறுத்து விட்டுடுங்கண்ணே, செத்துப்போச்சுன்னா மட்டும் சொல்லுங்க, ஃபாரஸ்ட்ல சொல்லிட்டு வர்றேன்.” வலைக்கு ஆகும் செலவை நாம் கொடுத்துவிட வேண்டும். அது நியாயம்.

எத்தனை புழு வேண்டும்? ஓர் ஆமையில் ஒன்றிரண்டுதான் கிடைக்கும், பல ஆமைகளில் அதுவும் இருக்காது. பத்துப் புழுக்களாவது, ஒன்றுக்கு மேற்பட்ட ஆமைகளிலிருந்து கிடைக்கும் வரை எழுத உட்காராதீர்கள் என்பது என் கட்சி. ஒற்றைப் புழுவை வைத்து எழுதப்பட்ட பழைய விவரிப்புகளால் நாம் படுகிற பாடு கொஞ்சமல்ல. அதைப் பிறகு சொல்கிறேன்.

பதப்படுத்தல்: இங்கேதான் பாதிப்பேர் தோற்கிறோம்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது. அப்போது நான் ஒரு செத்த ஆமையை, நேரம் கிடைக்கும்போது அறுக்கலாம் என்று ஆய்வகக் குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் வைத்திருந்தேன். மின்சாரம் நாள்கணக்கில் வரவில்லை. பெட்டியைத் திறந்தபோது வந்த நாற்றத்தை அந்தக் கட்டடத்தில் இருந்தவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் உண்மையான தப்பு புயலுடையது அல்ல. உறையவைத்தாலே புழுவின் திசு நொறுங்கிவிடும். மின்சாரம் போகாமலே இருந்திருந்தாலும் அந்த ஆமைக்குள்ளிருந்து உருப்படியான புழு கிடைத்திருக்காது. செத்த ஆமை கைக்கு வந்த அன்றே அறுக்க வேண்டும், ராத்திரி பத்து மணியானாலும் சரி.

கிடைக்கிற புழுக்களை மூன்று பங்காகப் பிரியுங்கள்.

பெரும்பங்கு, சாயமேற்றி நிரந்தரக் கண்ணாடித் தகடாக்குவதற்கு. உயிருள்ள புழுவை உப்புக் கரைசலில் கழுவி, மேலே மூடுதகட்டின் எடை மட்டும் படும்படி வைத்து, ஓரமாகப் பத்து சதவீத நடுநிலை ஃபார்மலினை விட வேண்டும். விரலால் அழுத்தக் கூடாது. அழுத்தினால் புழு நீளமும் அகலமும் கூடி, உங்கள் அளவுகள் வேறு யாருடைய அளவுகளோடும் ஒப்பிட முடியாததாகிவிடும். எப்படிப் பதப்படுத்தினீர்களோ அதை எல்லாப் புழுவுக்கும் ஒரே மாதிரி செய்து, கட்டுரையிலும் எழுதிவிடுங்கள்.

இரண்டாவது பங்கு கொக்கிகளுக்காக. ஒட்டுறுப்பில் சில பேரினங்களுக்குப் பெருங்கொக்கிகளும், எல்லாவற்றுக்கும் குஞ்சுப் பருவத்திலிருந்தே தங்கிவிட்ட 16 சிறுகொக்கிகளும் இருக்கும். சாயமேற்றிய தகட்டில் இவை மங்கிவிடும். அம்மோனியம் பிக்ரேட் கலந்த கிளிசரினில் நன்றாகத் தட்டையாக்கிப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். இங்கே மட்டும் அழுத்தலாம். நமக்கு வேண்டியது உடம்பின் அளவு அல்ல, கொக்கியின் வடிவம்.

மூன்றாவது பங்கு டிஎன்ஏவுக்கு: நேராக 95 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தனாலில். ஃபார்மலின் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. என் முதல் சேகரிப்பு முழுவதையும் நான் ஃபார்மலினில் போட்டுவிட்டு, ஓராண்டு கழித்து டிஎன்ஏ எடுக்கப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். யார் மேலும் பழி போட முடியாது. குறைந்த எண்ணிக்கையில்தான் புழு கிடைத்தது என்றால், ஒரே புழுவின் ஓரத்திலிருந்து சிறு துண்டு வெட்டி டிஎன்ஏவுக்கு எடுத்துக்கொண்டு மீதியைத் தகடாக்கலாம். அப்போது படித்த மரபுவரிசை இந்த உடம்புக்குரியது என்பதற்குச் சாட்சி தகட்டிலேயே இருக்கும். ஒட்டுறுப்பையும், முன்பக்கத்து இனப்பெருக்க முட்களையும் வெட்டிவிடாதீர்கள்.

விருந்தோம்பியான, அதாவது புழு குடியிருந்த, ஆமையையும் மறக்க வேண்டாம். படம், ஓட்டின் நீள அகலம், முடிந்தால் கொஞ்சம் திசு. புழுவின் அடையாளத்தில் பாதி ஆமையின் அடையாளம்.

சாயம், கிராம்பு எண்ணெய், கார்த்திகை ஈரம்

அசிட்டோகார்மைனோ ஆலம் கார்மைனோ, கைக்குப் பழகினது எதுவோ அது. அதிகமாகச் சாயமேற்றிவிட்டு, ஒரு சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்த 70 சதவீத ஆல்கஹாலில் மெல்ல வெளுக்க வேண்டும். மேல்திசு வெளிறி, சூலகமும் விந்தகமும் சிவப்பாக நிற்கிற அந்த ஒரு தருணத்தில் வெளியே எடுப்பதுதான் கைப்பக்குவம். ரசத்தை நுரை கட்டும்போது இறக்குவது மாதிரி. எழுதிக் காட்ட முடியாது, நின்று பார்க்க வேண்டும்.

பிறகு 70, 80, 90, 95, 100 என்று ஆல்கஹாலை ஏற்றிக்கொண்டே போய், கிராம்பு எண்ணெயில் போட்டால் புழு கண்ணாடி மாதிரி தெளியும். ஆய்வகம் பல்வலி மருந்து வாசனை அடிக்கும். அதிகநேரம் விட்டால் புழு நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும், கவனம். கடைசியில் கனடா பால்சம் என்ற பிசினில் பதித்து மூட வேண்டும். மழைக்காலத்தில் நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம் திறந்து வைத்த நூறு சதவீத ஆல்கஹாலில் இறங்கிவிடும்; தகடு பால்போல் மங்கினால் காரணம் அதுதான். புதுப் பாட்டிலை உடையுங்கள்.

அளப்பதும் வரைவதும்

நுண்ணோக்கியின் கண்ணருகு அளவியை, தகட்டு அளவியை வைத்து ஒவ்வொரு லென்ஸுக்கும் நீங்களே சரிபாருங்கள். சீனியர் எழுதி ஒட்டிவிட்டுப் போன எண்ணை நம்பாதீர்கள். உடல் நீளம், அகலம், ஒட்டுறுப்பின் நீள அகலம், உறிஞ்சிகளின் விட்டம், வாய் உறிஞ்சி, தொண்டை, சூலகம், விந்தகம், பெருங்கொக்கி, சிறுகொக்கி, இனப்பெருக்க முட்களின் எண்ணிக்கையும் நீளமும், முட்டை. எல்லாம் மைக்ரோமீட்டரில், குறைந்தது, அதிகம், சராசரி, எத்தனை புழுவை அளந்தது என்ற நான்கும் சேர்த்து.

பாலிஸ்டோம்களில் பேரினத்தைப் பிரிக்கப் பெருங்கொக்கி முதலில் உதவும். இரண்டு ஜோடி இருந்தால் பாலிஸ்டோமாய்டஸ் பக்கம், ஒரு ஜோடி என்றால் பாலிஸ்டோமாய்டெல்லா, ஒன்றுமே இல்லையென்றால் நியோபாலிஸ்டோமா என்பது பழைய கணக்கு. இப்போது இந்தக் கூடுகள் மேலும் பிரிந்துவிட்டன. பழைய பாலிஸ்டோமாய்டஸிலிருந்து உரோபாலிஸ்டோமாய்டஸ் 2016-ல் பிரிக்கப்பட்டது. 2020-ல் கண்ணில் வாழ்பவற்றுக்கு ஃபார்னிக்ஸ்ட்ரெமா வந்தது. ஆகவே ஆமையின் உடம்பில் எந்த இடம் என்று சீட்டில் எழுதச் சொன்னேனே, அதன் அருமை இங்கே தெரியும். சிற்றினத்தைப் பிரிக்க இனப்பெருக்க முட்களை எண்ணுங்கள். பத்துப் புழுவிலும் எண்ணுங்கள். ஒன்றில் எண்ணிவிட்டு எல்லாவற்றுக்கும் அதையே எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள்.

படத்தை நுண்ணோக்கியில் வரைகுழாய் மாட்டிப் பென்சிலால் வரைந்து, பிறகு இங்க்ஸ்கேப் மாதிரி இலவச மென்பொருளில் கோடிழுக்கலாம். புகைப்படம் போதாதா என்று கேட்பார்கள். போதாது. வரையும்போதுதான் இதுவரை நீங்கள் பார்க்காத குழாய் ஒன்று கண்ணில் படும்.

மரபுவரிசை

28எஸ், 18எஸ் என்ற ரைபோசோம் மரபணுக்கள், மைட்டோகாண்ட்ரியாவின் 12எஸ், சிஓஐ. பாலிஸ்டோம்களுக்கு இந்த நான்கும் பழக்கத்தில் உள்ளன. கல்லூரியில் வசதி இல்லையென்றால் எத்தனால் குப்பியோடு இந்தியாவிலேயே உள்ள ஒரு ஆய்வகத்தோடு சேர்ந்து செய்யுங்கள். வெளிநாட்டு நண்பருக்குத் தபாலில் அனுப்பிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அதற்குச் சட்டம் இருக்கிறது. சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தைக் கேட்காமல் ஒரு புழுவும் எல்லை தாண்டக் கூடாது.

வந்த வரிசையை ஜென்பேங்க் என்ற பொது மரபுவரிசைத் தரவுத்தளத்தில் ஏற்கெனவே உள்ளவற்றோடு ஒப்பிட்டு உறவுமுறை மரம் வரையுங்கள். இத்தனை சதவீத வேறுபாடு இருந்தால் புதிய சிற்றினம் என்று யாராவது ஒரே எண்ணைச் சொன்னால் சந்தேகப்படுங்கள். உடலமைப்பும் மரபுவரிசையும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில் ஒரு கண்ணி வைத்திருக்கிறது. மீன் தொட்டிக் கடைகளில் குட்டியாக விற்கும், கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட அமெரிக்க ஆமையை வளர்ந்ததும் கோவில் குளத்தில் கொண்டுபோய் விடுகிறார்களே, அது தன் புழுக்களையும் கூடவே கொண்டுவரும். ஐரோப்பாவில் அமெரிக்க ஆமையின் பாலிஸ்டோம்கள் உள்ளூர் ஆமைகளுக்குத் தாவியிருப்பது மரபுவரிசையால் நிரூபிக்கப்பட்டிருக்கிறது. நம் ஏரி ஆமையில் இதுவரை இந்தியாவில் யாரும் பார்க்காத புழு கிடைத்தால், அது புதிய சிற்றினமாகவும் இருக்கலாம், மிசிசிப்பியிலிருந்து வந்த பழைய ஆளாகவும் இருக்கலாம். அமெரிக்கச் சிற்றினங்களோடு ஒப்பிடாமல் பேனாவைத் திறக்காதீர்கள்.

பழைய பெயர்களோடு மல்லுக்கட்டுவது

இனி உண்மையான வேலை. உங்கள் பேரினத்தில் உலகம் முழுவதும் இதுவரை பெயரிடப்பட்ட ஒவ்வொரு சிற்றினத்தின் மூல விவரிப்பையும் கையில் வைத்திருக்க வேண்டும். யாரோ எழுதிய சுருக்கம் செல்லாது. 1963-ல் யமகுதி வெளியிட்ட பெருந்தொகுதியின் நான்காம் பகுதியில் அதுவரையான ஒற்றை விருந்தோம்பிப் புழுக்களின் (ஒரே விலங்கில் வாழ்க்கையை முடிப்பவை, பாலிஸ்டோம்களும் இதில் சேரும்) பட்டியல் இருக்கிறது. அங்கே தொடங்கி, இணையத்தில் உள்ள கடல் உயிரினப் பதிவேட்டில் தற்போதைய பெயர்களைச் சரிபார்க்கலாம். பெயர்தான் கடல், நன்னீர் ஒட்டுண்ணிகளும் அதில் உண்டு. நூறாண்டுக்கு முந்தைய இதழ்கள் பல்லுயிர் மரபு நூலகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

ஒரு பெரிய அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் சிற்றினங்கள்; மேலே ஆமை, உடம்பில் இடம், நாடு, முட்களின் எண்ணிக்கை, கொக்கி நீளம் என்று. 1914-ல் ஸ்டீவர்ட் விவரித்த கச்சுகே என்ற பாலிஸ்டோம் சிற்றினம் போன்ற இந்தியப் புழுக்கள் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். கட்டங்களை நிரப்பும்போது தலைவலி ஆரம்பிக்கும். பழைய விவரிப்புகளில் சிலவற்றில் முட்களின் எண்ணிக்கையே இருக்காது. சில ஒரே ஒரு புழுவை வைத்து எழுதப்பட்டிருக்கும், அதுவும் நசுங்கின புழு. மூல மாதிரித் தகடு எங்கே என்று தேடினால் ‘ஆசிரியரின் சேகரிப்பில்’ என்றிருக்கும். ஆசிரியர் காலமாகிப் பல்லாண்டு ஆகியிருக்கும். அந்தத் துறையின் அலமாரி யாருடைய அறைக்கு மாறியது என்று தெரிந்த அட்டெண்டர் ஓய்வு பெற்றிருப்பார்.

அப்படிப்பட்ட பெயரை என்ன செய்வது? “விவரிப்பு போதாது” என்று ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நான் செய்யமாட்டேன். அதே ஆமையில், முடிந்தால் அந்தப் புழு முதலில் கிடைத்த அதே ஊருக்கு அருகில், புதிதாகப் புழு எடுத்து, பழைய பெயருக்கே புது விவரிப்பு எழுதுவது அறிவியலுக்குப் பெரிய உபகாரம். அதிலும் கட்டுரை உண்டு. புதிய பெயர் வைக்கிற சந்தோஷம் இல்லை, அவ்வளவுதான். அட்டவணை முழுவதும் நிரம்பி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே “எங்கள் புழு இதிலிருந்து இன்ன விதத்தில் மாறுபடுகிறது” என்று தெளிவாக ஒரு வாக்கியம் எழுத முடிந்தால் நீங்கள் தயார். “அளவு கொஞ்சம் பெரியது” என்பது அந்த வாக்கியம் ஆகாது. புழு சாப்பிட்டால் பெருக்கும், அழுத்தினால் நீளும்.

பெயர்

விலங்குகளின் பெயருக்கு ஒரு சர்வதேச விதித்தொகுப்பு இருக்கிறது. இப்போது நடப்பில் உள்ள நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் செல்லுபடியாகிறது. அதன்படி சிலவற்றைத் தவறவிடவே கூடாது. இது புதிய சிற்றினம் என்று கட்டுரையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பிற சிற்றினங்களிலிருந்து பிரிக்கும் பண்புகளை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு தகட்டை முதன்மை மாதிரி, அதாவது ஹோலோடைப், என்று குறிப்பிட்டு, அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்று எழுத வேண்டும். இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால் விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவு செய்து, அந்தப் பதிவின் சான்று கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். 2012-ல் வந்த திருத்தம் இது.

பெயரின் இலக்கணத்தில்தான் வேடிக்கை. கடலூரின் பெயரை வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘ஆய்டஸ்’ என்று முடியும் பேரினப் பெயர்களை ஆண்பாலாகக் கொள்ள வேண்டும் என்பது விதி. ஆகவே பாலிஸ்டோமாய்டஸ் கடலூரென்சிஸ். அதே புழு நியோபாலிஸ்டோமாவில் சேர்ந்தால், ஸ்டோமா ஒன்றன்பால் என்பதால் கடலூரென்சே. நம் உயர்திணை அஃறிணையைவிட மோசமான விவகாரம். ஒருவரைக் கௌரவிக்கும் பெயர் என்றால், ஆணுக்கு ‘ஐ’ விகுதி, பெண்ணுக்கு ‘ஏ’ விகுதி, பலருக்கு ‘ஓரம்’, எல்லோரும் பெண்கள் என்றால் ‘ஆரம்’. வாழ்நாள் முழுக்க வலை போட்டுக் கொடுத்தவரின் பெயரை வைப்பதில் தவறே இல்லை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. உங்கள் பெயரையே வைத்துக்கொள்ள விதி நேரடியாகத் தடை போடவில்லை, ஆனால் ஊர் சிரிக்கும்.

தமிழ்ச் சொல்லையும் அப்படியே பெயராக வைக்கலாம்; ரோமன் எழுத்தில் இருந்தால் போதும். புள்ளி, கோடு போட்ட எழுத்துகள் கூடாது என்பதால் நம் ‘ழ’ தன் அடையாளத்தை இழக்கும். ஒருமுறை அச்சில் வந்த எழுத்துக்கூட்டல் ஏறக்குறைய நிரந்தரம். எழுத்துப் பிழை என்பதை அந்தக் கட்டுரையே காட்டினால்தான் பிறகு திருத்தலாம். ஆகவே பெயரைக் கட்டுரை முழுவதும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறீர்களா என்று நான்கு பேரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கட்டுரை வெளிவரும் முன் பெயரைப் பத்திரிகையாளரிடம் சொல்லாதீர்கள். விவரிப்பு இல்லாமல் அச்சில் வந்த பெயர் வெற்றுப்பெயராக நிற்கும், பிறகு அதை வைத்து எல்லோரும் குழம்புவார்கள். வழக்கமான முனைவர்பட்ட ஆய்வேட்டில் இருப்பதும் விதிப்படி வெளியீடு ஆகாது.

மாதிரிகளை ஒப்படைப்பது

பல்லுயிர்ச் சட்டம் 2002-ன் 39-ஆம் பிரிவின்படி, புதிதாகக் கண்டறிந்த எந்த உயிரினத்தையும் அதற்கென நியமிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து, சான்று மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும். விலங்குகளுக்கு அது இந்திய விலங்கியல் ஆய்வகம். தலைமையகம் கொல்கத்தா, நமக்குக் கிட்ட இருப்பது சென்னை சாந்தோமிலுள்ள தென்மண்டல மையம். முதன்மை மாதிரியும் சில துணை மாதிரிகளும் அங்கே போகட்டும். கல்லூரி அருங்காட்சியக அலமாரியில் முதன்மை மாதிரியை வைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். மேலே சொன்ன அட்டெண்டர் கதை உங்களுக்கும் வரும்.

கூரியரில் அனுப்ப வேண்டாம். பால்சம் முழுவதும் காய்ந்த தகடுகளை மரப்பெட்டியில் அடுக்கி, கடலூரில் காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் சாந்தோம் போய்ச் சேரலாம். நேரில் கொடுத்து, பதிவு எண்ணை எழுதி வாங்குங்கள். அந்த எண் கட்டுரையில் ஏறின பிறகுதான் இதழுக்கு அனுப்பும் பொத்தானை அழுத்த வேண்டும்.